அவசரமாக வருகிறது, அடக்க முடியவில்லை: சிறுநீர்ப்பை மாத்திரைகள் பற்றி வாசகர் கேள்விகள்

யூரின் அடக்க முடியாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எழுதிய கடிதங்களுக்கே இந்த இதழின் கேள்வி-பதில் பகுதியை ஒதுக்கியிருக்கிறோம். சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்த கடிதங்கள் இவை. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

வயது 52. வாசல் பூட்டைத் திறப்பதற்குள் யூரின் வந்துவிடுகிறது. டாக்டர் சோலிஃபெனாசின் 5 மி.கி. தினம் ஒன்று எழுதிக் கொடுத்தார். பத்து நாள் ஆகிறது. வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம். நிறுத்திவிடலாமா?
*வாசகி, அம்மாபேட்டை*

இப்போது நிறுத்த வேண்டாம் அம்மா. இந்த மாத்திரையை எடைபோடப் பத்து நாள் போதாது. சோலிஃபெனாசின் உடம்பில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் மருந்து. ரத்தத்தில் அதன் அளவு ஒரு நிலைக்கு வருவதற்கே சுமார் பத்து நாள் ஆகிவிடும். பலன் தெரிய நாலு வாரம், முழுப் பலன் தெரியச் சிலருக்குப் பன்னிரண்டு வாரம்கூட ஆகும்.

வாய் ஏன் முதலில் காய்கிறது? சிறுநீர்ப்பையின் சுவர் முழுக்கத் தசைதான். நீர் சேரும்போது அது தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். 150, 200 மில்லி சேர்ந்ததும் லேசாக ஓர் உணர்வு வரும். 400, 500 மில்லி வரை அடக்க முடியும். உங்களுக்கு அந்தத் தசை நிரம்புவதற்கு முன்பே தானாகச் சுருங்குகிறது. அதைச் சுருங்கச் சொல்லும் ரசாயனம் அசிட்டைல்கோலின். அது தசையில் போய் ஒட்டும் இடத்தை மாத்திரை அடைத்துக்கொள்கிறது. அதே மாதிரி இடங்கள் எச்சில் சுரப்பியிலும் குடலிலும் கண்ணிலும் இருப்பதால் அங்கேயும் மருந்து வேலை காட்டும். பரிசோதனைகளில் 5 மி.கி. சாப்பிட்டவர்களில் 100க்கு 11 பேருக்கும், 10 மி.கி. சாப்பிட்டவர்களில் 100க்கு 28 பேருக்கும் வாய் உலர்ந்தது. "பலன் போதவில்லை" என்று நீங்களாகவே இரண்டு மாத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

வாய் காய்கிறதே என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதுதான் இதில் எல்லாரும் செய்கிற தப்பு. அத்தனையும் ஒரு மணி நேரத்தில் கீழே வந்து நிற்கும். ஒரு மடக்கு எடுத்து வாயில் வைத்திருந்து விழுங்குங்கள். ஏலக்காய், சர்க்கரை இல்லாத சூயிங்கம், எது வசதியோ அதை மெல்லுங்கள். மிட்டாய் வேண்டாம், எச்சில் குறைந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். ஃப்ளூரைடு உள்ள பேஸ்டால் இரவிலும் பல் தேயுங்கள். மலச்சிக்கலையும் வரவிடாதீர்கள். குடலில் கட்டியாக நிற்கும் மலம் சிறுநீர்ப்பையை அழுத்தினால் மாத்திரையின் பலனில் பாதி அங்கேயே போய்விடும். கொய்யா, கீரை, தோலோடு பயறு சேருங்கள். போதாவிட்டால் இசப்கோல் எடுக்கலாம். அதை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட வேண்டும்.

பலனை மனக்கணக்கில் அளக்காதீர்கள். மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று, ஒரு நோட்டு, மூன்று நாள். ஒவ்வொரு முறையும் மணி, அளவு, அவசரம் எப்படி இருந்தது, துணி நனைந்ததா என்று எழுதுங்கள். குடித்த தண்ணீர், காபி, மோர், ரசம் எல்லாம் இன்னொரு பக்கத்தில். இன்றே ஆரம்பியுங்கள், நாலு வாரம் முடிந்ததும் இன்னொரு மூன்று நாள் எழுதிப் பாருங்கள். ஒரு தடவைக்கு 120 மில்லியாக இருந்தது 200 ஆகியிருந்தால் மருந்து வேலை செய்கிறது, எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாவிட்டாலும்கூட. "பரவாயில்லை டாக்டர்", "ஒண்ணும் கேட்கலை டாக்டர்" என்கிற இரண்டு வாக்கியத்தை விட அந்த நோட்டு டாக்டருக்கு நூறு மடங்கு உதவும்.

அந்தப் பூட்டு விஷயம். சாவியை நுழைக்கும் அந்தக் கணத்தில் அவசரம் பொங்குவது இந்த நோயில் ரொம்ப சகஜம். வீடு வந்துவிட்டது, பாத்ரூம் பக்கம் என்று மூளை பழகிவிட்டது. அப்போது ஓடாதீர்கள். ஓடினால் வயிற்று அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். அசையாமல் நில்லுங்கள். யூரினைப் பாதியில் நிறுத்தும்போது எந்தத் தசையை இறுக்குவோமோ, அதை ஐந்தாறு முறை வேகமாக இறுக்கி இறுக்கி விடுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் அந்த அலை இறங்கும். இறங்கிய பிறகு பூட்டைத் திறந்து, நடந்து போங்கள். இதே தசைக்குத் தனியாகப் பயிற்சியும் வேண்டும்: ஐந்து விநாடி இறுக்கி ஐந்து விநாடி விடுவது, ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். கூடவே பாத்ரூம் போகும் இடைவெளியை வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொண்டே வாருங்கள். மாத்திரை தரும் அவகாசத்தை வைத்துத்தான் சிறுநீர்ப்பையைப் பழக்க வேண்டும். மாத்திரை மட்டும் போதும் என்று விட்டவர்களுக்கு, அதை நிறுத்தியதும் பெரும்பாலும் பழையபடி திரும்பி வருகிறது.

மாதவிடாய் நின்றவர் என்றால் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உங்களுக்கு ஆகுமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். வறட்சியால் வரும் அவசரத்துக்கு அது நன்றாகக் கேட்கும். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்.

அம்மாவுக்கு 76 வயது. ஆறு மாதமாக ஆக்ஸிபியூடினின் சாப்பிடுகிறார். யூரின் பரவாயில்லை. ஆனால் அடுப்பில் பால் வைத்ததை மறக்கிறார், சாயங்காலமானால் நான் யார் என்றே கேட்கிறார். வயதானால் இப்படித்தான் என்கிறார்கள். சரியா?
*மகள், சூரமங்கலம்*

வயது என்று சொல்லி இதை விட்டுவிடாதீர்கள். மாத்திரை ஆரம்பித்த தேதியையும் மறதி தெரிய ஆரம்பித்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதியவர்களின் மூளை நினைவுக்குப் பயன்படுத்துவதும் அதே அசிட்டைல்கோலினைத்தான். ஆக்ஸிபியூடினினும் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துதான், அதுவும் ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதாக நுழையக்கூடியது. இந்த வயதில், அதுவும் மறதி ஏற்கெனவே இருப்பவர்களுக்கு, அது நல்ல தேர்வு அல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து.

அடுத்து, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போடுங்கள். எல்லாம் என்றால் எல்லாம். தும்மலுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய குளோர்ஃபெனிரமின் அல்லது செட்டிரிசின், தூக்கத்துக்கும் கால் எரிச்சலுக்கும் கொடுத்த அமிட்ரிப்டிலின், கைநடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிஃபெனிடில், வயிற்றுப் பிடிப்புக்கு டைசைக்ளோமின். கூடுதலாகவோ குறைவாகவோ இவை அத்தனையும் அசிட்டைல்கோலினைத் தடுப்பவைதான். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு டாக்டர் எழுதியிருப்பார். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்று யாரும் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். கூட்டிப் பார்க்கச் சொல்வது உங்கள் வேலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மறதிக்கு என்று டோனெபெசில் ஆரம்பித்திருக்கிறார்களா? அது அசிட்டைல்கோலினைக் கூட்டும் மருந்து. அதனாலேயே சிலருக்கு யூரின் அடங்காமல் போகும். அந்த யூரினை அடக்க ஆக்ஸிபியூடினின் கொடுத்தால் ஒன்று கூட்ட, ஒன்று குறைக்க, நடுவில் அம்மாதான் மாட்டிக்கொள்கிறார்.

மாற்று உண்டு. மிராபெக்ரான் என்பது வேறு வழியில், தசையில் பீட்டா-3 என்கிற ஏற்பியை (மருந்து போய் ஒட்டும் இடத்தை) தூண்டி, தசையைத் தளரச் செய்யும் மருந்து. வாய் உலர்வதும் மறதியும் இதில் குறைவு. 25 மி.கி.யில் ஆரம்பித்து 50 வரை போவார்கள். இதற்கும் கணக்கு உண்டு: பிரஷரை ஏற்றக்கூடியது. மேல் அளவு 180ஐயோ கீழ் அளவு 110ஐயோ தொட்டு, கட்டுக்குள் வராமல் இருப்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. ஆரம்பிப்பதற்கு முன்னால் பிரஷர் பாருங்கள். ஆரம்பித்த பிறகு முதல் மாதம் வாரம் ஒருமுறை வீட்டிலேயே பார்த்து எழுதுங்கள். அம்மா பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோபிரோலால் சாப்பிடுகிறவர் என்றால் சொல்ல மறக்காதீர்கள். மிராபெக்ரான் அதை உடம்பில் தங்கவைத்து அளவைக் கூட்டிவிடும்; நாடி குறையலாம், தலைசுற்றலாம். இதயத்துக்கு டிகாக்ஸின் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

ஆக்ஸிபியூடினினை நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். அம்மா சட்டென்று குழம்பிப் பிதற்றினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, வாரம் வரை காத்திருக்காதீர்கள். வயதானவர்களுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷனும் இப்படித்தான் முகம் காட்டும்.

நாங்கள் காபித் தோட்டத்தில் குடியிருக்கிறோம். கீழே சேலத்தில் மகள் வீட்டில் இருந்தால் மாத்திரை நன்றாகக் கேட்கிறது. மலைக்கு வந்தால் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் மாறுவதாலா?
*வாசகர், ஏற்காடு*

தண்ணீர் அல்ல ஐயா, குளிர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உடம்பு குளிர்ந்தால் தோலில் ஓடும் ரத்தம் உள்ளே ஒதுங்கும். உள்ளே ரத்தம் கூடியதாக நினைத்துச் சிறுநீரகம் நீரை வெளியேற்றும். வியர்வையும் கிடையாது. கீழே வியர்வையில் போனது மேலே யூரினாகப் போகிறது. இதை மாத்திரையால் தடுக்க முடியாது. காலுக்குக் கம்பளி சாக்ஸ், படுக்கும் அறையில் காற்று அடைப்பு, இவைதான் வைத்தியம்.

காபியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நாங்களே சொல்கிறோம். கஃபீன் யூரினையும் கூட்டும், சிறுநீர்ப்பையையும் உசுப்பும். விளைகிற ஊரில் இருந்துகொண்டு காபியை விடுங்கள் என்று சொல்ல மாட்டோம். காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, அதோடு நிறுத்திப் பாருங்கள். சடாரென நிறுத்தினால் தலைவலிக்கும். நாலு டம்ளர் பழக்கம் என்றால் வாரத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். டீக்கும் இதே விதி. சிலர் டிகாக்ஷனைக் கம்மியாக விட்டுப் பாலைக் கூட்டி அதே ஆறு டம்ளர் குடிப்பார்கள். அதில் பயன் குறைவு.

ராத்திரி யூரினை மட்டும் தனியாக ஒருநாள் அளந்து பாருங்கள். படுத்த பிறகு போனது எல்லாம், காலையில் எழுந்ததும் போகும் முதல் யூரினையும் சேர்த்து, நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கோளாறு சிறுநீர்ப்பையில் இல்லை. ராத்திரியில் நீர் அதிகமாக உற்பத்தியாகிறது. அதற்குக் காரணம் கால் வீக்கமாக இருக்கலாம் (பிரஷருக்குச் சாப்பிடும் ஆம்லோடிபின் பலருக்குக் காலில் நீர் கோர்க்கும்), குறட்டையோடு மூச்சு நிற்கும் நோயாக இருக்கலாம், இதயமாக இருக்கலாம். கால் வீங்குகிறவர்கள் சாயங்காலம் ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வைத்துப் படுத்தால், அந்த நீர் தூங்குவதற்கு முன்பே வெளியேறிவிடும்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை. தீ அலையும் என்று ஃபேன் போட மாட்டோம். டால்டெரோடின் சாப்பிட ஆரம்பித்த பிறகு உடம்பு கொதிக்கிற மாதிரி இருக்கிறது, வியர்வையே வருவதில்லை.
*வாசகர், செவ்வாய்ப்பேட்டை*

இது ஆபத்தான அறிகுறி. வியர்வைச் சுரப்பியும் அசிட்டைல்கோலினால்தான் வேலை செய்கிறது. அதை மருந்து அடைத்துவிட்டால் உடம்புச் சூடு இறங்க வழியில்லை. சேலத்துச் சித்திரை வெயிலில், ஃபேன் இல்லாத அறையில், தீக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு இந்த வகை மாத்திரை ஒத்துவராது. நாளைக்கே டாக்டரிடம் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் கேட்டிருக்க மாட்டார், நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். வியர்வையைத் தடுக்காத மிராபெக்ரான் வகைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

அதுவரை அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து கழுத்து, கை, முகத்தை ஈரத்துணியால் துடையுங்கள். தலைவலி, குமட்டல், தோல் காய்ந்து சூடாக இருத்தல், பேச்சுக் குழறல் என்று ஏதாவது தெரிந்தால் வேலையை விட்டு எழுந்துவிட வேண்டும். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ, உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பக்கத்தில் வேலை செய்கிறவரிடம் இன்றே சொல்லிவையுங்கள். யூரினுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் பட்டறைகளில் நிறைய. கெட்டியான மஞ்சள் யூரின் சிறுநீர்ப்பையை எரித்து அவசரத்தைக் கூட்டத்தான் செய்யும்.

எனக்கு 68. பிராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறேன். அவசரம் குறையவில்லை என்று சோலிஃபெனாசினும் சேர்த்திருக்கிறார். மாத்திரைக் காகிதத்தில் "சிறுநீர் அடைபடலாம்" என்று போட்டிருக்கிறது. சாப்பிடலாமா?
*வாசகர், ஓமலூர்*

சாப்பிடலாம், ஒரு ஸ்கேன் பார்த்திருந்தால். யூரின் போய்விட்டு வந்த உடனே வயிற்றில் ஸ்கேன் வைத்து, எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். 50 மில்லிக்குக் கீழே என்றால் கவலையில்லை. 200ஐத் தாண்டினால் தசையைத் தளர்த்தும் மருந்தை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். ஸ்கேன் எடுத்த தாளில் இந்த எண் எழுதியிருக்கும்; இல்லாவிட்டால் கேளுங்கள். மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதத்தில் மறுபடி பார்ப்பது நல்லது.

ஆரம்பித்த பிறகு தாரை மெலிந்தாலோ, முக்கிப் போக வேண்டியிருந்தாலோ, போய்விட்டு வந்தும் அடிவயிறு பாரமாக இருந்தாலோ உடனே தெரிவியுங்கள். யூரின் சுத்தமாக வராமல் வயிறு உப்பி வலித்தால் அது அவசர சிகிச்சை. ராத்திரியானாலும் போய்விடுங்கள், டியூப் போட்டு வடிக்க வேண்டியிருக்கும். இப்படி வருகிறவர்களிடம் விசாரித்தால் பல சமயம் முந்தின நாள் சளிக்கு ஒரு மாத்திரை போட்டிருப்பார்கள். குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மாத்திரைகள் பிராஸ்டேட் உள்ளவர்களுக்கு ஆகாது.

கண்ணில் பிரஷர் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? கோணம் குறுகிய கிளாக்கோமா இருந்தால், அதைச் சரிசெய்யாமல் சோலிஃபெனாசின் வகை கூடாது. எந்த வகை கிளாக்கோமா என்று கண் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின் மாற்றிக் கொடுத்ததிலிருந்து அடிக்கடி யூரின். அதை நிறுத்த ஒரு மாத்திரை சொல்லுங்கள்.
*வாசகி, ஆத்தூர்*

வேண்டாம். அந்தச் சுகர் மாத்திரையே சர்க்கரையை யூரின் வழியாக வெளியேற்றித்தான் வேலை செய்கிறது; நாளைக்குச் சுமார் 375 மில்லி கூடுதலாகப் போகும். காலையில் சாப்பிடுங்கள், ராத்திரி தூக்கம் கெடாது. அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் செய்தால் அவசரமும் குறையும். சுகர் அளவையும் ஒருமுறை பாருங்கள். சர்க்கரை ஏறிக்கிடந்தாலும் இதே கதைதான்.

மாத்திரையைப் பொடித்து மோரில் கலந்து சாப்பிடலாமா? பெரிதாக இருக்கிறது, விழுங்க முடியவில்லை.
*வாசகி, கொண்டலாம்பட்டி*

அட்டையில் மருந்தின் பெயருக்குப் பின்னால் இஆர், எக்ஸ்எல், எஸ்ஆர், எல்ஏ என்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் பொடிக்கவும் கூடாது, உடைக்கவும் கூடாது, மெல்லவும் கூடாது. ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டியதை ஒரே மூச்சில் உடம்பில் கொட்டின மாதிரி ஆகிவிடும். மிராபெக்ரான் முழுக்க இந்த வகைதான். சோலிஃபெனாசினையும் முழுசாகத்தான் விழுங்க வேண்டும். சாதாரண ஆக்ஸிபியூடினின் மாத்திரையை உடைக்கலாம். இதே வேலைக்குத் தரும் டிராஸ்பியம் என்றால் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். சோற்றோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது.

சென்னைக்குப் பஸ்ஸில் போகிற அன்று மட்டும் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?
*வாசகர், புதிய பஸ் ஸ்டாண்டு அருகில், சேலம்*

சோலிஃபெனாசின், மிராபெக்ரான் இரண்டும் அப்படி உதவாது. தினமும் சாப்பிட்டு வாரக்கணக்கில் ஏறுகிற பலன் அது. சாதாரண ஆக்ஸிபியூடினின் ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும் என்பதால் சில டாக்டர்கள் பயணத்துக்கு மட்டும் தருவது உண்டு. ஆனால் முதல் தடவை போடுவது பயண நாளாக இருக்கக் கூடாது. தூக்கமும் கண் மங்கலும் வருமா என்று வீட்டில் இருக்கும் ஒரு நாளில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவர் என்றால் வேண்டவே வேண்டாம். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு காபியை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள், சிறு மடக்காகக் குடியுங்கள். கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும்?
*வாசகி, அஸ்தம்பட்டி*

தினம் ஒருமுறை சாப்பிடும் மாத்திரை என்றால் விட்டதை விட்டுவிட்டு மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒன்று போடுங்கள். ஒரே நாளில் இரண்டு கூடாது.

காலம் ஆளுக்கு ஆள் மாறும். மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு, பயிற்சியும் செய்து, நோட்டில் எண்கள் மாறவில்லை என்றால் அந்த மருந்தைத் தொடர்வதில் அர்த்தமில்லை. வேறு வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். அசிட்டைல்கோலினைத் தடுப்பது, மிராபெக்ரான் என்ற இரண்டு வகையும் கேட்காதவர்களுக்குச் சிறுநீர்ப்பைத் தசையில் போட்டு அதைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி இருக்கிறது, வழக்கமாக 100 யூனிட்; அதன் பலன் பல மாதம் நிற்கும், குறைந்ததும் மறுபடி போட வேண்டும். கணுக்கால் நரம்பில் மெல்லிய ஊசி வைத்து மின்தூண்டல் தரும் முறையும் உண்டு: வாரம் ஒருமுறை அரை மணி நேரம், பன்னிரண்டு வாரம். நன்றாகக் கேட்டவர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து டாக்டர் சொல்லும்படி அளவைக் குறைத்துப் பார்க்கலாம்.

யூரினில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், திடீரென்று கால் மரத்துப்போய் யூரினோ மலமோ அடங்காமல் போவது, இவற்றில் எது வந்தாலும் மாத்திரைக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். போகும்போது காலியான மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.